கலாய்ப்பவனும் கைதட்டுபவனும்

"சும்மா ஜாலிக்குத்தான் மச்சி, இதுக்கெல்லாம் போய் ஃபீல் பண்ணுவாங்களா?"

முன்பின் தெரியாத ஒருவரை இணையத்தில் நாலு பேர் சேர்ந்து அழவைத்துவிட்டு, ஏன் இப்படி என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. இந்த 'ஜாலி'க்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

ட்ரோல் செய்பவர்கள் எல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள், மனநோயாளிகள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சொன்னால் நமக்கும் நிம்மதி. "நாம அந்த ஆளு இல்லப்பா" என்று தூங்கப் போய்விடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ட்ரோல் என்பது ஒரு தனி ஆள் செய்கிற வேலையே இல்லை. ஒருவன் ஆரம்பிக்கிறான், கூட்டம்தான் அதை முடித்து வைக்கிறது. இதுதான் நான் சொல்ல வருவது.

தூண்டில்

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'ட்ரோல்' என்றால் குகையில் வாழும் ஒரு பூதம் என்ற அர்த்தமும் உண்டு. ஆனால் இணையத்தில் இந்த வார்த்தை புழங்க ஆரம்பித்தது 1990களின் தொடக்கத்தில், மீன்பிடியிலிருந்து. ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலில் இரையைக் கட்டி இழுத்துக்கொண்டே போவதற்கு அந்தப் பெயர். மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் யாரைக் கேட்டாலும் இந்த வேலையின் சூட்சுமத்தைச் சொல்வார்கள். எந்த மீன் மாட்டும் என்று போடுகிறவனுக்குத் தெரியாது. ஏதாவது ஒன்று கவ்வ வேண்டும், அவ்வளவுதான்.

ட்ரோல் செய்பவனும் அப்படித்தான். அவன் சொல்வதில் அவனுக்கே நம்பிக்கை இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. நீங்கள் கோபப்பட வேண்டும், பதறிப்போய்ப் பத்து வரியில் பதில் எழுத வேண்டும். அதைப் பார்க்க நாலு பேர் கூட வேண்டும். அந்த நாலு பேர் இல்லாவிட்டால் அவன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவான்.

கேலிக்கு ஒரு முறை இருந்தது

கேலி நமக்குப் புதிதா? எங்கள் கிளியனூர் திண்டிவனம் - பாண்டிச்சேரி ரோட்டில் இருக்கிற ஊர். இங்கே டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், கேலி என்றால் என்ன என்று தெரிந்துவிடும். ஆனால் கிராமத்துக் கேலிக்கு ஒரு இலக்கணம் உண்டு. மாமன் மச்சானைக் கலாய்க்கலாம். கொழுந்தியா மாமனை வாரலாம். பங்காளி முறைக்காரரை அப்படிப் பேச முடியாது. திருவிழாவில் மஞ்சத்தண்ணி யார் மேல் யார் ஊற்றலாம் என்பதற்கே முறை இருக்கிறது! எல்லை தாண்டினால், "டேய், போதும்டா" என்று அதட்ட ஒரு பெரியவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும் விட, கலாய் வாங்கியவரின் முகம் கண் முன்னால் இருக்கும். அது வாடினால் தெரியும்.

கிராமம் என்றால் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சாதிப் பெயரைச் சொல்லி மட்டம் தட்டியதும் இதே ஊர்களில்தான். ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடுதாசி போட்டுக் கல்யாணத்தை நிறுத்தியவர்களும் இங்கேதான் இருந்தார்கள். பெயர் போடாமல் எழுதி, தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்த அந்த ஆள்தான் இன்றைய ட்ரோலின் தாத்தா. ஆனால் மொட்டைக் கடுதாசியை ஒரு வீட்டார்தான் படித்தார்கள். இன்றைக்கு அதைப் பத்து லட்சம் பேர் படிக்கிறார்கள்.

இணையத்தில் எல்லோரும் எல்லோருக்கும் 'மச்சி'. அதட்டுகிற பெரியவர் மட்டும் யாரும் இல்லை.

1944

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்: லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1940களில் சென்னையில் சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகை நடத்தினார். அதில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்ற பெயரில் கண்டதையும் எழுதினார். அதற்குத் தடை வந்தபோது 'இந்து நேசன்' என்ற இன்னொரு பத்திரிகையில் தொடர்ந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல் விடுதலை ஆனார்கள். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை.

இதில் எல்லோரும் பேசுவது கொலையைப் பற்றி. எனக்கு வேறு ஒரு கேள்வி. அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியது யார்? பாகவதர் பாட்டுக்கு உருகிய அதே ஜனங்கள்தானே! அவர்கள் வாங்காமல் இருந்திருந்தால் லட்சுமிகாந்தன் அடுத்த வாரம் என்ன எழுதியிருப்பார்? எழுதியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. படித்துச் சிரித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. இது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

கனடாவைச் சேர்ந்த எரின் பக்கெல்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இணையத்தில் உங்களுக்குப் பிடித்த வேலை எது என்று கேட்டபோது, ட்ரோல் செய்வதுதான் என்று சொன்னவர்கள் 5.6 சதவீதம். அவர்களிடம் மற்ற எல்லாக் குணங்களையும் விடத் தூக்கலாக இருந்தது, அடுத்தவர் வலியை ரசிக்கும் குணம். சரி, அப்படியானால் "மனநோயாளிகள்" என்று சொல்வது சரிதானே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2017ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு சோதனை செய்தார்கள். 667 சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு, சிலருக்குச் சுலபமான கேள்வித்தாளும் சிலருக்கு எரிச்சலூட்டும் கஷ்டமான கேள்வித்தாளும் கொடுத்தார்கள். பிறகு ஒரு செய்திக்குக் கருத்து எழுதச் சொன்னார்கள். சிலர் பார்த்த பக்கத்தில் ஏற்கனவே திட்டி எழுதிய கருத்துகள் மேலே இருந்தன, சிலர் பார்த்ததில் இல்லை. நல்ல மனநிலையில், நல்ல கருத்துகளைப் பார்த்தவர்களிலேயே 35 சதவீதம் பேர் ட்ரோல் போல எழுதினார்கள். எரிச்சலோடு வந்து, மேலே திட்டும் இருந்தவர்களில் அது 68 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு!

இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புரிகிறது. வலியை ரசிக்கும் ஆள் கொஞ்சம்தான். அவன் வரிசையின் முதல் ஆள். அவன் பின்னால் நிற்கும் நீண்ட வரிசை, அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், மேனேஜரிடம் திட்டு வாங்கியவர்கள், அரியர் வைத்தவர்கள். "எல்லாரும் திட்டுறாங்க, நாமளும் ஒண்ணு போடுவோம்" என்கிறவர்கள்.

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். தண்ணீரை ஒரே பாத்தியில் விட்டு உப்பு எடுப்பதில்லை. பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்ற வற்ற, அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். கடைசிப் பாத்தியில்தான் உப்பு உறையும். அந்தக் கடைசிப் பாத்தியை மட்டும் காட்டி, உப்பு இங்கேதான் உண்டானது என்று சொல்ல முடியுமா? கடைசியில் கொலை மிரட்டல் விடுகிறவன் ஒருவன்தான். அவன் வரைக்கும் அதைக் காய்ச்சிக்கொண்டு வந்து சேர்த்தது, நடுவில் ஷேர் செய்தவர்களும் சிரிப்பு பொம்மை போட்டவர்களும்தான்.

திருமுல்லைவாயல்

2024 ஏப்ரல் 28. சென்னை ஆவடி அருகே திருமுல்லைவாயலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. தாயின் கையிலிருந்து தவறிய கைக்குழந்தை கீழ்த்தளத்துக் கூரைத் தகட்டில் விழுந்து தொங்குகிறது. கீழே ஜனங்கள் போர்வையை விரித்துப் பிடிக்கிறார்கள். சிலர் ஜன்னல் வழியாக ஏறிக் குழந்தையைப் பத்திரமாக எடுக்கிறார்கள். வீடியோவைப் பார்த்து நாடே கைதட்டியது. அக்கம்பக்கத்தாரின் தைரியத்தை எல்லோரும் பாராட்டினார்கள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. "இவளெல்லாம் ஒரு தாயா?" என்று ஆரம்பித்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள், போன் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள், வேலைக்குப் போகிற திமிர் என்று அவரவர் வாய்க்கு வந்தது. சம்பவத்தைப் பார்க்காதவர்கள், அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாதவர்கள். மூன்று வாரம் கழித்து, கோவை மாவட்டம் காரமடையில் பெற்றோர் வீட்டில் அந்தத் தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இணையத்தில் வந்த ஏச்சுகளால் மன உளைச்சலில் இருந்தார், சிகிச்சையும் எடுத்து வந்தார் என்று செய்திகள் சொல்லின.

ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மனச்சோர்வு பல வழிகளில் வரும், அதற்கு வைத்தியமும் உண்டு (அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் பேசலாம்). ஆனால் ஏற்கனவே குற்ற உணர்ச்சியில் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து, ஆமாம் நீ குற்றவாளிதான் என்று சொன்னால் அவர் எங்கே போவார்?

அந்த ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் பக்கெல்ஸ் சொன்ன 5.6 சதவீத ஆட்கள்? பெரும்பாலானவர்கள் தங்கள் வீட்டில் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே அதை எழுதியிருப்பார்கள். அவர்கள் யாரும் தங்களை ட்ரோல் என்று நினைத்திருக்கமாட்டார்கள். அறிவுரை சொல்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். இதுதான் பயமாக இருக்கிறது.

சட்டம் போட்டால் சரியாகிவிடுமா?

ஒரே மாதத்தில் நம் பக்கத்தில் நடந்த இரண்டு வழக்குகளைப் பாருங்கள். 2012 அக்டோபரில் பாடகி சின்மயி, ட்விட்டரில் தன்னை ஆபாசமாகவும் மிரட்டும் விதமாகவும் எழுதுகிறார்கள் என்று சென்னை போலீசில் புகார் கொடுத்தார். இரண்டு பேர் கைதானார்கள். ஒருவர் கல்லூரி ஆசிரியர். (வேலைவெட்டி இல்லாதவர்கள்தான் இப்படிப் புகாரில் சிக்குவார்கள் என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.) பிரச்சினையின் பின்னணியில் இட ஒதுக்கீடு, தமிழக மீனவர்கள் பற்றி அவர் சொன்னதாகக் கூறப்பட்ட கருத்துகள் மீதான சண்டை இருந்தது. மீனவர் விஷயத்தில் இந்தக் கடற்கரைக்காரர்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம். கருத்தைக் கருத்தால் கிழித்துத் தொங்கவிடலாம். ஆனால் ஒரு பெண்ணின் கருத்துக்கு அவர் உடம்பைப் பற்றிப் பதில் எழுதினால், அதற்குப் பெயர் கோபம் இல்லை, மீனவருக்கும் அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

அதே அக்டோபர் கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபர் கைது செய்யப்பட்டார். அப்போதைய மத்திய அமைச்சர் ப.சிதம்பரத்தின் மகன் கார்த்தி சிதம்பரத்தின் சொத்து பற்றி அவர் ட்விட்டரில் எழுதியிருந்தார். அப்போது அவரை அங்கே பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர்! பயன்படுத்தப்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. எரிச்சலூட்டினால், அசௌகரியம் உண்டாக்கினால்கூட மூன்று வருஷம் வரை உள்ளே தள்ளலாம் என்று சொன்ன பிரிவு அது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

மொத்தமாக எல்லாவற்றையும் 'ட்ரோல்' என்று அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பாடம். பதவியில் இருப்பவரைக் கேள்வி கேட்பவனும் ட்ரோல், பெண்ணை மிரட்டுகிறவனும் ட்ரோல் என்றால், போலீஸ் வசதியான ஆளைத்தான் பிடிக்கும். மிரட்டலுக்கும் பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கும் தனித்தனியாகச் சட்டம் இருக்கிறது. பெண்களை இணையத்தில் கண்காணித்துத் தொல்லை தருவது 2013லிருந்தே தனிக் குற்றம். அதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதும்.

பெயரைப் போட்டால்?

சரி, எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று ஆக்கிவிட்டால்? தமிழ் வலைப்பதிவுகளின் ஆரம்ப காலம் தெரிந்தவர்களுக்கு 'போலி டோண்டு' ஞாபகம் இருக்கும். டோண்டு ராகவன் என்ற மூத்த பதிவரின் பெயரிலேயே எவனோ ஒருவன் ஊரெல்லாம் ஆபாசப் பின்னூட்டம் போட்டுக்கொண்டிருந்தான். எது நிஜம், எது போலி என்று கண்டுபிடிக்க, பெயரின் மேல் மவுஸை வைத்துப் பதிவர் எண்ணைப் பார்ப்பதற்கு 'எலிக்குட்டி சோதனை' என்று பெயரே வைத்தார்கள் :-) முகமூடி இருந்தால் தைரியம் வரும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் முகமூடியைக் கழற்றினால் மட்டும் போதாது. தென்கொரியா அதைச் செய்து பார்த்தது. 2007ல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுத அடையாள எண் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். வசவு பெரிதாகக் குறையவில்லை. 2011ல் ஒரு பெரிய நிறுவனத்தின் தளங்களிலிருந்து சுமார் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடு போனதுதான் மிச்சம். 2012ல் அவர்களின் அரசியலமைப்பு நீதிமன்றமே அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் போரும் பீட்டர்சனும் 2021ல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. இணையத்தில் அரசியல் பேசும்போது சண்டைக்காரனாக இருப்பவன் நேரிலும் பெரும்பாலும் அப்படித்தான். இணையம் அவனை மாற்றவில்லை, அவனை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வைக்கிறது.

இங்கேயும் பாருங்கள், சொந்தப் பெயர், குடும்பப் போட்டோ, "கடவுளே துணை" என்ற வரி, எல்லாம் வைத்துக்கொண்டே வாய் கூசாமல் எழுதுகிறார்கள். தன் பின்னால் கூட்டம் இருக்கிறது என்று நினைப்பவனுக்கு முகமூடி எதற்கு?

அதே கொரியாவில் வேறொன்று நடந்தது. 2019 அக்டோபரில் சுல்லி என்ற இளம் பாடகி இறந்த பிறகு, அங்கே உள்ள டாம் தளம் அந்த மாதமே பொழுதுபோக்குச் செய்திகளின் கீழ் கருத்து எழுதும் வசதியை எடுத்தது. நேவர் தளம் 2020 மார்ச்சில் எடுத்தது. ஆளைப் பிடிப்பதை விட மேடையைக் கலைப்பது முக்கியம் என்று அவர்களுக்குப் புரிந்தது. கஷ்டம் என்னவென்றால், அதற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

அப்படியென்றால் சிரிக்கவே கூடாதா?

யார் சொன்னது? 2019 மே கடைசியில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, நம்ம ஆள் ஒருவர் 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்த கதையை நிஜம் போலச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், காண்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது! அதுவும் ட்ரோல்தான். அதில் யார் வீட்டிலும் அழுகை இல்லை. கலைவாணர் என்.எஸ்.கே. வாழ்நாள் முழுக்கச் செய்ததும் கேலிதான். ஆனால் அவர் கேலி செய்தது மூடப்பழக்கத்தையும் போலித்தனத்தையும்.

அதனால் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். இந்தக் கலாயைக் கேட்டு, கலாய் வாங்கியவரும் என்றைக்காவது சிரிக்க முடியுமா? அல்லது, திருப்பிக் கேட்க முடியாத அளவுக்கு அவர் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, மக்களை ஏய்க்கிற ஆளா? இரண்டுமே இல்லை என்றால் அது ஜாலி இல்லை, கல்லெறிதல்.

"ட்ரோலுக்குத் தீனி போடாதே, கண்டுக்காம விடு" என்று ஒரு அறிவுரை உண்டு. பாதி சரி. ஆனால் அதை எப்போதும் அடி வாங்குகிறவரிடமே சொல்கிறோம். திருமுல்லைவாயலில் நடந்ததைப் பாருங்கள். தீனி போட்டது சுற்றி நின்ற கூட்டம். அந்த அறிவுரையைச் சொல்ல வேண்டியது கூட்டத்திடம்.

என்ன செய்யலாம்? ஒன்று, தெரியாத ஒருவர் அவமானப்படும் வீடியோ வந்தால் அது நம் போனோடு நிற்கட்டும். இரண்டு, தெரிந்தவர் யாராவது இப்படி மாட்டிக்கொண்டால், பொதுவில் சண்டை போடுவதை விட அவருக்குத் தனியாக "நான் இருக்கேன், தைரியமா இரு" என்று ஒரு வரி அனுப்புவது மேல். மிரட்டல் வந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கக் கூடப் போகலாம். மூன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் வாட்ஸ்அப் குரூப்பில், நம் நண்பன் அப்படி ஒன்றைப் போட்டால், டீக்கடைப் பெரியவர் சொன்ன மாதிரி, "போதும்டா மச்சான்" என்று சொல்வது. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் திட்டினால் அவன் கேட்கமாட்டான், இன்னும் உற்சாகம்தான் ஆவான். கூட உட்கார்ந்து டீ குடிப்பவன் சிரிக்காமல் இருந்தால் அவனுக்கு உறைக்கும்.

அந்த வலியை ரசிக்கும் சிறு கூட்டத்தை நம்மால் திருத்த முடியுமா என்றால், சந்தேகம்தான். ஆனால் அவர்களுக்குக் கைதட்டுகிறவர்கள் நம் வகுப்பில், நம் தெருவில், நம் குரூப்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் நம்மால் பேச முடியும்.